ஃப்ளெக்ஸில் நிற்க வேண்டிய மாப்பிள்ளை

என் மடிக்கணினி ஒரு படத்தைத் திறப்பதற்குள் நான் ஒரு சுலைமானி டீ போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னலில் நின்று துபாயின் கராமா பகுதியைக் கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடலாம். எதிர்க் கட்டடத்துப் பால்கனிகளில் ஊர் ஊராகச் சட்டைகள் காயும். கீழே தோசைக் கடையின் புகைக்குழாய் சாம்பார் வாசனையை ஆகாயத்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருக்கும். டெலிவரிக்காரர்கள் மோட்டார் சைக்கிள் மேல் ஒருக்களித்துப் படுத்து, ஃபோனில் யாரையோ சமாதானம் செய்துகொண்டிருப்பார்கள். திரும்பி வந்தால் திரையில் அதே வட்டம், அதே சுழற்சி. பூமி சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். நம்பியது இந்த லேப்டாப் வாங்கிய பிறகுதான்.

எனக்கு வேலை ஜெபல் அலி துறைமுகத்தில், ஒரு சரக்குக் கிடங்கில். கப்பலில் வந்த பெட்டி நசுங்கியிருந்தால், நனைந்திருந்தால், உடைந்திருந்தால் அதைப் படம் எடுப்பேன். அந்தப் படத்தை நடுவில் வைத்துக்கொண்டுதான் இன்ஷூரன்ஸ்காரரும் கப்பல்காரரும் சண்டை போடுவார்கள். அதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது, தொட்டால் வேலை போகும். வாரம் முழுக்க நசுங்கலை நசுங்கலாகவே காட்டுகிறவன், சனி ஞாயிறுகளில் நம் ஆட்களின் ஞானஸ்நானம், பிறந்தநாள், வளைகாப்பு என்று போய் நசுங்கலை நிமிர்த்திக் காட்டுவேன். தொப்பையை உள்ளே தள்ளுவேன். வழுக்கையில் விழுந்த வெளிச்சத்தைத் துடைப்பேன். இந்த இரண்டாவது வாழ்க்கைக்கு சாஃப்ட்வேர் வேண்டும், சாஃப்ட்வேருக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

ஒரே சாஃப்ட்வேர்தான், ஒரே படம்தான். ஆனாலும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அது ஒவ்வொரு குணத்தோடு நடந்துகொள்ளும். ரூமில் ஒரு மாதிரி, டியூட்டியில் ஒரு மாதிரி, லீவில் ஊருக்குப் போனால் செண்ட் அடித்துக்கொண்டு முற்றிலும் வேறு மாதிரி ஆகிவிடுகிற நம் ஆட்களைப் போல. இதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது இந்தக் கோடையின் தொடக்கத்தில், ஒரு மாப்பிள்ளையை நிற்க வைக்கப் போய்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பெண் ஒருத்தி, இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எனக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பகிர்வு ஃப்ளாட்டின் பெரிய அறையில் மகளோடு இருக்கிறாள். கணவர் கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு நகரத்தில் டெக்னீஷியன். மகள் புது நன்மை வாங்கினாள். கோயிலில் பிள்ளைகள் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள் அது. அவர்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு அடுத்த விசேஷம். வெள்ளை கவுன், வெள்ளைக் கையுறை, தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி. நான்தான் படம் எடுத்தேன். கோயில் படிக்கட்டில் தாயும் மகளும் முழு உருவமாக நிற்கிற ஒரு படம் உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. அதைக் காட்டுவதற்காகத் தோசைக் கடையில் சந்தித்தோம். அவள் படத்தை வெகு நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அண்ணே. ஒரு ஆளச் சேக்கணும்."

"யார?"

"எங்க வீட்டுக்காரவியள."

"அவங்கதான் வரலியேம்மா."

"வந்திருந்தாவன்னா நான் ஏன் ஒங்கள சேக்கச் சொல்லப் போறேன்?"

சட்னியைத் தொட்டுக்கொண்டே மற்றதையும் சொன்னாள். ஊரில் அவளுக்கு ஒரு அண்ணன். விசைப்படகு வைத்திருக்கிறவர், வாயும் வைத்திருக்கிறவர். பிள்ளை பிறந்தபோது மாப்பிள்ளை வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு முறையும் அங்கே ஷட்டவுன். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற காலம் அது, அப்போது எவனுக்கும் லீவு கிடையாது.

"எங்க அண்ணன் என்ன சொல்லுவான் தெரியுமா? 'எங்க மாப்பிள்ள வாட்ஸாப்புல குடும்பம் நடத்துதாரு'ன்னு கடக்கரை முழுக்கச் சொல்லிச் சிரிக்கான். இந்தத் தடவ கண்டிப்பா வருவாவன்னு நான் சவால் விட்டேன். டிக்கெட்டு வரைக்கும் போட்டாச்சு. கடைசி நேரத்துல லீவு கேன்சல். அண்ணன் போனு பண்ணி, 'வந்துட்டானா?'ன்னு கேட்டான். 'வந்துட்டாவ'ன்னு சொல்லிட்டேன். வாயில தானா வந்துட்டு அண்ணே."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் தாயும் மகளும் லீவில் ஊருக்குப் போகிறார்கள். அங்கே சொந்தக்காரர்களுக்கு விருந்து. விருந்து என்றால் தெரு முனையில் ஃப்ளெக்ஸ். அண்ணன் எட்டடி ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும், அதில் மாப்பிள்ளை நிற்க வேண்டும். நின்றால் அவள் தலை நிமிர்ந்து இறங்குவாள். நிற்காவிட்டால், அந்தத் தெருவில் அடுத்த பல வருஷங்களுக்கான சிரிப்பு மொத்தமும் அவள் செலவில்.

சரி என்றேன். நசுங்கலை நிமிர்த்துகிறவன்தானே.

கணவர் ராஸ் லஃபானிலிருந்து படம் அனுப்பினார். முதல் படத்தில் நீலக் கவர்ஆல் உடுப்பு, மஞ்சள் ஹெல்மெட். பூசைக்கு வந்தவர் மாதிரி இல்லை, கோயிலில் கேஸ் கசிகிறதா என்று பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார். கோட் போட்டு எடுக்கச் சொன்னேன். மறுநாள் தொழிலாளர் காம்ப் அறை வாசலில், உச்சி வெயிலில், யாருடையதோ ஒரு சாம்பல் நிற கோட்டுக்குள் நின்றார். கை பாதி வெளியே இருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி.

"அண்ணாச்சி, கோட்டு கெடச்சிட்டு. ஃபிலிப்பினோக்காரன் குடுத்தான். காலுக்குத்தான் ஒண்ணும் சிக்கல, சேஃப்டி ஷூவே கெடக்கு. கால வெட்டிருங்க."

காலை வெட்ட முடியாது. தாயும் மகளும் படிக்கட்டில் முழுதாக நிற்கிறார்கள், பக்கத்தில் மனிதர் இடுப்போடு மிதந்தால் அது வேறு மாதிரி விசேஷப் படமாகிவிடும். சூரியன் வேறு. கோயிலில் காலை வெயில் இடப்பக்கமிருந்து சாய்வாக வந்து இவர்களுக்கு நீளநீளமாக நிழல் கொடுத்திருந்தது. அவருக்கோ நிழல் காலடியில் ஒரு சப்பாத்தி அளவுக்குக் கிடந்தது. ஒரே குடும்பம், இரண்டு சூரியன்.

லேப்டாப்பில் தொடங்கினேன். அவரைக் காம்ப் சுவரிலிருந்து கத்தரித்து எடுக்கும்போதே அதற்கு மூச்சு வாங்கியது. உள்ளே மின்விசிறி, புறப்படப் போகிற விமானம் மாதிரி இரைந்தது. தொட்டால் கை சுட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து அடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஓடியது. மாப்பிள்ளையின் தலை வந்தது, ஒரு தோள் வந்தது. திரை வெளுத்தது. 'பதிலளிக்கவில்லை' என்று ஒரு வாசகம். அதுவே ஒரு பதில்தான், வேறு யாரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்வதில்லை. மறுபடி திறந்தேன், மறுபடி தலை, மறுபடி தோள், மறுபடி வெளுப்பு. மூன்றாம் முறை பட்டாணி உருகி மேசையெல்லாம் தண்ணீர். மாப்பிள்ளை இடுப்பைத் தாண்டவில்லை.

"அண்ணை, என்ர பட்டாணியை என்னத்துக்கு எடுத்தனீங்கள்?"

அறைத்தோழர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர், வீட்டில் ராட்சதர்களைக் கொல்கிறவர். விளையாட்டுக்கென்றே வாங்கிய அவருடைய கோபுரக் கம்ப்யூட்டர், கண்ணாடி வயிற்றுக்குள் ஏழு வண்ண விளக்குகளோடு கட்டிலில் கால் நீட்டியிருக்கும். அவர் கட்டில் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருப்பார். விஷயத்தைச் சொன்னேன். லேப்டாப்பை ஒரு நர்ஸ் பார்ப்பதுபோல் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குக் காய்ச்சல். இதைக் கொண்டு வேலை வாங்கிறது பாவம் அண்ணை, பென்சன் குடுத்து அனுப்புங்கோ. என்ரைக்கு வாங்கோ. அவரை ஒரு நொடியில நிப்பாட்டுவம்."

நிப்பாட்டினோம். அந்தக் கம்ப்யூட்டரில் அதே சாஃப்ட்வேர் பாய்ந்தது. புதுப் பதிப்பு, தானாகவே யோசிக்கிற பதிப்பு. நான் ஒன்றைச் சொல்வதற்குள் அது இரண்டைச் செய்தது. மாப்பிள்ளை முழுதாக வந்து படிக்கட்டில் நின்றார். நிழலை அதுவே நீட்டியது. காலணியை மட்டும் தனியாக வெட்டி, கறுப்பாக்கி, பளபளப்பாக்கி நான் மாட்டிவிட்டேன். கோட்டின் கையையும் அதுவே நீட்டிக்கொண்டது. 'பின்னணியைச் சுத்தம் செய்யவா?' என்று கேட்டது, செய் என்றேன். பின்னால் நின்ற பிற குடும்பங்கள், தண்ணீர் பாட்டில், குப்பைத் தொட்டி எல்லாம் மறைந்தன. எனக்குக் கண் கலங்காத குறை.

வாட்ஸாப்பில் அனுப்பினேன். அவளிடமிருந்து உடனே பதில்.

"அண்ணே, அவிய ஏன் நாவப்பழக் கலருல இருக்காவ?"

என் ஃபோனில் பார்த்தேன். நாவல் பழம்தான். அறைத்தோழர் தன் திரையை ராட்சதர்களுக்காகத் திருத்தி வைத்திருந்தார், இருட்டுக் குகையிலும் பகைவன் தெரிகிற மாதிரி. அந்தத் திரையில் மனித நிறமாக இருப்பது வெளியே வந்தால் பழ நிறம். வெளியே பார்த்து, உள்ளே திருத்தி, மறுபடி வெளியே பார்த்தேன். அடுத்த முறை ஆரஞ்சாக, கிச்சிலிப் பழம். அதற்கடுத்த முறை தாய், மகள், மாதாவின் சிலை எல்லோரும் வெளிறி, அவர் மட்டும் பச்சை.

"இதில எந்தக் கலர் அந்தாள் உண்மையா?" என்று கேட்டார் அறைத்தோழர்.

எனக்குத் தெரியவில்லை. நான் அவரை நேரில் பார்த்ததே கிடையாது.

நிறத்துக்கு நம்பகமான திரை ஒன்று கிடங்கில் இருக்கிறது. துருவைத் துருவாகவும் பூஞ்சையைப் பூஞ்சையாகவும் காட்டுவதற்காக வருஷா வருஷம் ஒருவர் வந்து சரி பார்த்துவிட்டுப் போகிற திரை. சாப்பாட்டு இடைவேளையில் அந்த ஃபைலை அதில் திறந்தேன். அங்கே சாஃப்ட்வேர் பழைய பதிப்பு. கம்பெனி அதைப் புதுப்பிக்காது. அது முதலில் ஏதோ எச்சரித்தது. நம் ஆட்கள் எச்சரிக்கையைப் படிக்கிற வழக்கம் உண்டா? ஓகே, ஓகே, ஓகே.

படம் திறந்தது. தாய் இருந்தாள். மகள் இருந்தாள். மாப்பிள்ளை இல்லை. புதுப் பதிப்பு தன் புத்தியால் செய்த எதையும் பழைய பதிப்பு ஏற்றுக்கொள்ளாது போலிருக்கிறது. நான் கையால் செய்ததை மட்டும் அது மதித்தது. ஆகவே மகளுக்குப் பக்கத்தில், கோயில் படிக்கட்டில், பளபளவென்று ஒரு ஜோடி சேஃப்டி ஷூ மட்டும் நின்றது.

பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம். என் சூப்பர்வைசர், பெஷாவர்க்காரர், கையில் பாதி ரொட்டி.

"பாய், யே க்யா ஹை? ஆத்மி கிதர் ஹை?"

"ஆத்மி நஹீ ஆயா, பாய். சிர்ஃப் ஜூத்தா ஆயா."

ஆள் எங்கே என்று அவர் கேட்டதற்கு, ஆள் வரவில்லை, ஷூ மட்டும்தான் வந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரக்கு பாதி மட்டும் வந்து சேர்வது எங்களுக்கு தினசரி விஷயம். குனிந்து ஷூக்களை உற்றுப் பார்த்தார். வாங்க வேண்டியவருக்குத் தகவல் சொல்லியாயிற்றா என்று கேட்டுவிட்டு, ரொட்டியை மென்றுகொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அரை நாள் வேலை. இனி ஃபோனில் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவள் கண் எதிரே, அவள் சொல்கிற நிறத்தில் முடித்துவிடலாம் என்று தீர்மானித்தோம். பேச்சிலர் அறைக்கு அவளை வரச் சொல்ல முடியாது, வாட்ச்மேன் பார்க்கிற பார்வையில் பட்டாணி உருகிவிடும். ஆகவே கம்ப்யூட்டர் அவள் வீட்டுக்குப் போனது. கீழே சூப்பர்மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, கோபுரத்தை அதில் நிற்க வைத்து, வெயில் படாமல் துண்டு போர்த்தி, அதன் மேல் திரையைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். என் லேப்டாப் என் கக்கத்தில். கராமாவின் மதிய வெயில் தலையில் இஸ்திரி போட்டது. எதிரே வந்த ஒருவர் துண்டு போர்த்திய உருவத்தைப் பார்த்து, மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்.

"மெல்ல, அண்ணை, மெல்ல. ஆள் உள்ளுக்கை நிக்கிறார்," என்றார் அறைத்தோழர்.

அவள் வீட்டு மேசையில் பாதி அடுக்கிய பெட்டி. டைகர் பாம், பால் பவுடர், பேரீச்சை. அதை ஒதுக்கிக் கம்ப்யூட்டரை வைத்தோம். விளக்குகள் எரிந்ததும் மகள் ஓடி வந்தாள். இங்கே பிறந்தவள், வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ். திரையில் அப்பா வந்து நின்றதைக் கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

"அங்கிள், அப்பா சர்ச்சுக்கு வரலியே."

"இது எடிட்டிங்மா."

"எடிட்டிங்னா லை இல்லியா?"

"லை இல்லம்மா. எடிட்டிங்."

"ஃபாதர் சொன்னாங்க, இல்லாதத இருக்குன்னு சொன்னா அது சின். நான் இப்பதான் ஃபர்ஸ்ட் கன்ஃபெஷன் பண்ணேன். எல்லாம் க்ளீன். இந்த ஃபோட்டோல நான் ஸ்மைல் பண்ணிட்டு நிக்கேன். அப்ப எனக்கும் சின் வருமா?"

அறைத்தோழர் சைவர். சட்டென்று மேசைக்கு அடியில் புகுந்து, வயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். நான் தாயைப் பார்த்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் மக்கா. மாமா கேட்டா சும்மா சிரி."

"மாமா கேட்டா நான் ட்ரூத்துதான் சொல்வேன்."

அவ்வளவுதான். எட்டடி ஃப்ளெக்ஸை நான் எவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தாலும், அதன் கீழேயே மூன்றரை அடியில் ஒரு சாட்சி நிற்கப் போகிறது. தாய் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து வந்த முகம்.

மகள் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உன் ஃபோன் எங்க?"

"எந்த போனு?"

"கையில வச்சிருந்தியே. அப்பா இருந்தாங்களே அதுல."

பெரிதாக்கிப் பார்த்தேன். தாயின் வலது கையில் ஃபோன் இல்லை. சேலை மடிப்பு ஒன்று இருந்தது, உற்று எண்ணினால் விரலும் ஒன்று கூடுதலாக இருந்தது. சுத்தம் செய்யவா என்று கேட்ட அந்தப் புத்திசாலிப் பதிப்பு, குப்பைத் தொட்டியோடு ஃபோனையும் துடைத்துவிட்டு, வெற்றிடத்தை விரலால் நிரப்பியிருந்தது.

தொடாத மூலப் படம் லேப்டாப்பில்தான் இருந்தது. திறந்தேன். வட்டம் சுற்றியது. எல்லோரும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏசியின் சத்தம், பக்கத்து அறையில் யாரோ சுக்கா வறுக்கிற வாசனை. படம் திறந்தது. பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். தாயின் கையில் ஃபோன். ஃபோனுக்குள் கட்டை விரல் நகம் அளவுக்கு மஞ்சள். மஞ்சளுக்குக் கீழே கொஞ்சம் முகம்.

"ஸீ? அப்பா," என்றாள் மகள்.

தாய் எழுந்து வந்து, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தாள்.

"டியூட்டி பஸ்சுல இருந்தாவ. ஹெல்மெட்டக் கழத்தி வைக்க எடம் இல்லன்னு தலையிலயே வச்சிருந்தாவ. இங்க வாட்ஸாப்புல வீடியோ வராதே, காசு கட்டுன அந்த ஆப்புலதான் போட்டேன். பூச தொடங்கவும் கட் ஆயிட்டுன்னு நெனச்சு நான் பாக்கவே இல்ல அண்ணே. சும்மா கையிலயே புடிச்சிருந்தேன். இது பூச முடிஞ்சு படியில எடுத்ததுல்லா?"

"ஆமா."

"அப்ப அது வரைக்கும் இருந்திருக்காவ."

நான் இந்த மாதிரி நேரங்களில் எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுகிறவன். அன்றைக்கு அறைத்தோழர் முந்திக்கொண்டார்.

"அக்கா, கவலைப்படாதேங்கோ. இந்த முகத்தை என்ர கொம்பியூட்டர் பெருசாக்கித் தரும். தெளிவா."

தந்தது. நகம் அளவு முகத்தைக் கொடுத்ததும் அது நொடியில் பெரிதாக்கி, இல்லாததையெல்லாம் தானே இட்டு நிரப்பியது. ஒளி வீசும் கண்கள், செதுக்கிய தாடை, கண்ணாடிப் பற்கள். ஏதோ கடிகார விளம்பரத்து ஆள், ஹெல்மெட்டோடு. தாய் கூர்ந்து பார்த்தாள்.

"இது அவிய இல்ல." ஒரு கணம் நிறுத்தினாள். "நல்லாத்தான் இருக்காவ. ஆனா அவிய இல்ல."

மறுபடி முயன்றோம். இம்முறை அடர்ந்த தாடி. அதற்கடுத்த முறை மீசை இல்லாத ஒரு சீனர். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, செலக்ட் ஒன்! செலக்ட் ஒன்!" என்று குதித்தாள். தாயும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஃபோன் அடித்தது. அண்ணன். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கடை மூடப் போகிறான்.

அவள் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னாள்.

"அண்ணே, அவிய வரல. லீவு குடுக்கல. நான் ஒன்ட்ட பொய் சொல்லிட்டேன். இப்ப ஒரு படம் அனுப்புதேன், அத அப்படியே வச்சி ஃப்ளெக்ஸ் அடி. அவிய என் கையில இருக்காவ. போனுக்குள்ள."

மூலப் படத்தை அனுப்பினேன். அந்தப் பக்கம் கடல் காற்றும், யாரோ வலையை இழுக்கிற கூச்சலும் மட்டும் கேட்டன. அவர் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்க வேண்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த வாயிலிருந்து வரப்போவதை அவள் வருஷக்கணக்காக அறிவாள்.

"ஏட்டி, இந்த மஞ்சளா இருக்கது மாப்பிள்ளயா?"

"ஆமா."

"பூச முழுக்கவா இருந்தாரு?"

"ஆமாண்ணே."

"டியூட்டி பஸ்சுலயா?"

"ஆமா."

மறுபடி கடல். அப்புறம் தொண்டையைக் கனைத்தார். "அந்தப் படம் புடிக்க அண்ணாச்சி பக்கத்துல இருக்காரா? குடு."

"இங்கதான் இருக்கேன், சொல்லுங்க."

"அண்ணாச்சி, போனுக்குள்ள இருந்தா எனக்குத் தெரியுது. தெருவுல போறவனுக்குத் தெரியுமா? ஃப்ளெக்ஸுல ஆளு நிக்கணும். ஏதோ கம்ப்யூட்டர்ல நிக்க வைக்கலாமாமே. மாப்பிள்ளய நிக்க வச்சிருங்க. எவனாவது ஒரு வார்த்த பேசுனான்னா நான் பாத்துக்கிடுதேன்."

தாய் தன் காதையே நம்பாமல் என்னைப் பார்த்தாள். மகள் ஃபோனைப் பறித்தாள்.

"மாமா! அது லை! இட்ஸ் எ சின்!"

"ஃப்ளெக்ஸுல போடுறது பொய்க் கணக்குல வராது மருமவளே. இங்க வந்து பாரு, ஃப்ளெக்ஸுல இருக்கவன் எல்லாம் செவப்பா இருப்பான். அதுக்கு எந்தச் சாமியாரும் மன்னிப்பு குடுத்ததில்ல, எவனும் கேட்டதும் இல்ல."

அவள் யோசித்தாள். நீதிமன்றம் மாதிரி யோசித்தாள். "ஓகே. பட் அம்மா கையில ஃபோன் இருக்கணும். ஃபோன்ல அப்பா இருக்கணும். அத ரிமூவ் பண்ணக் கூடாது."

"ரெண்டு மாப்பிள்ளயா? சரி, இருந்துட்டுப் போறாவ." குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, இன்னொரு விசயம். தாய்மாமன் நான். தாய்மாமன் இல்லாம ஊருல எவன் ஃப்ளெக்ஸ் அடிச்சிருக்கான்? என்னையும் நிக்க வையுங்க. மாப்பிள்ளைக்குப் பக்கத்துல. மாப்பிள்ள தோளுல என் கை இருக்கணும். படம் இப்பவே அனுப்புதேன்."

அனுப்பினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் படகு. அவசரத்தில் யாரையோ எடுக்கச் சொல்லியிருக்கிறார். வலது கையைப் பக்கவாட்டில் தூக்கி, இல்லாத ஒருவரின் தோளில் வாகாக வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, காற்றைக் கட்டிப்பிடித்து நின்றார்.

வேலை தொடங்கியது. நிறத்தை நான் கவனிக்கவில்லை, ஒவ்வொரு முறையும் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்துத் தாயே கவனித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் கறுப்பு. இன்னும். ம், அதான் அவிய." நாவல் பழமும் கிச்சிலியும் போய், முதல் முறையாக அந்தப் படிக்கட்டில் ஒரு மனிதர் நின்றார். ஃபோனை மூலப் படத்திலிருந்து வெட்டி அவள் கையில் திருப்பி வைத்தேன். கூடுதல் விரலை எடுத்தேன். அண்ணனை இறக்கினேன். அவர் மாப்பிள்ளையைவிட ஒரு சாண் உயரம். கை தோளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது, ஆசீர்வாதமா அடியா என்று தெரியாத உயரத்தில்.

"மாப்பிள்ளையைக் கொஞ்சம் உசத்துவமே?" என்றார் அறைத்தோழர்.

"வேண்டாம். அவியள அவிய உயரத்துல விடுங்க," என்றாள் தாய். "அண்ணனக் குனிய வைங்க."

அண்ணனைக் குனிய வைக்க அந்தப் புத்திசாலிக் கம்ப்யூட்டரும் கொஞ்சம் யோசித்தது. விளக்குகள் ஏழு வண்ணத்தில் துடித்தன, கோடு ஒன்று திரையின் அடியில் மெல்ல மெல்ல ஊர்ந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரையில் கை துளித் துளியாகக் கீழே வந்துகொண்டிருந்தது. மேசையில் ஃபோன் மறுபடி அடித்தது. இம்முறை மகள்தான் எடுத்தாள்.

"அண்ணாச்சிட்ட கேளு மருமவளே, கை வச்சாச்சா?"

"வெயிட், மாமா," என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வச்சிக்கிட்டே இருக்கு."